எவ்வளவு சத்தம்

தென் லண்டனில் விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் கடையொன்றில் நான் வேலை செய்தபோது எங்கள் ஊர் அக்கா ஒருவர் வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, நெற்றியில் திருநீறு. யார் பேசினாலும் வலது காதை முன்னே கொண்டுவருவார். இடது காது ஊரில் போரின்போது ஷெல்லடியில் போய்விட்டதாம்.

கிளப்பில் கடதாசி இலக்கைச் சுடும் தன் ரைஃபிளின் நுனியில் பூட்ட ஒன்று வேண்டும் என்றார். பெண்ணாயிற்றே என்று முதலாளி உதைப்பைக் குறைக்கும் பிரேக்கை நீட்டினார். அக்கா அதைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உதைப்பை என்ரை தோள் தாங்கும். இது சத்தத்தை என்ரை காதுக்கே திருப்பி விடும். என்ரை துவக்குக்குச் சத்தம் குறைக்கிற மொடரேட்டரை எடுங்கோ!"

லண்டனில் எத்தனை வருடம் இருந்தாலும் போரைப் பார்த்த எங்கள் ஆட்கள் துப்பாக்கியைக் குறிக்கும் 'துவக்கு' என்ற சொல்லைக் குரல் தாழ்த்தியே சொல்வார்கள். நானும் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"காது போனபிறகும் ஏன் அக்கா துவக்கு?"

"அங்கை மற்றவை சுட்டினம், நான் காதைப் பொத்தினன். இங்கை எப்ப வெடிக்கும், எவ்வளவு சத்தம் எண்டு நான்தான் முடிவெடுக்கிறன்."

உரத்த அந்தக் குரலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை.

இருந்ததிலேயே பெரிய மொடரேட்டரை வாங்கிப் போனார். நான் இன்றும் 'துவக்கு' என்ற சொல்லை மெல்லத்தான் சொல்கிறேன்.