சித்தப்பா பெட்டியிலிருந்து வந்த டியூப்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பிரான்சிலிருந்து சித்தப்பா வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே இருப்பதெல்லாம் சஞ்சீவிதான். பிரெஞ்சில் எழுதியிருந்தால் போதும், பற்பசையைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் படிப்பேன். என்ன சேர்த்திருக்கிறார்கள், எத்தனை சதவீதம், அதை மனிதர் முகத்தில் போட்டுச் சோதித்த ஆராய்ச்சி உண்டா என்று பார்ப்பேன். தங்கத்தூள், முத்துப்பொடி என்று டப்பாவில் போட்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கைக்கு நிச்சயதார்த்த நாள் குறித்ததும் நானே தேடிப் படித்து மூன்று பொருள் வாங்கிக் கொடுத்தேன்: சன்ஸ்கிரீன், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், முகப்பொலிவுக்கு நியாசினமைடு சீரம். கூடவே ஒரு மணி நேரம் விளக்கம்.

"இதப் போட்டா எப்பக்கா பளபளன்னு ஆவும்?" என்றாள்.

"ரெண்டு மூணு மாசம் ஆவும்."

மறுநாளே மூன்றையும் அலமாரிக்குள் தள்ளிவிட்டு, சித்தப்பா பெட்டியிலிருந்து வந்த வெள்ளை டியூபை எடுத்துக்கொண்டாள். எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது முகமெல்லாம் சிவந்து, கன்னத்தில் தோல் உரிந்து வந்து நின்றாள். தண்ணீர் பட்டாலே எரிகிறதாம். அப்போதுதான் டியூபைத் திருப்பினேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சே போதுமாக இருந்தது. குதிகால் வெடிப்புக்கான கிரீம். யூரியா முப்பது சதவீதம். தடித்த தோலைக் கரைப்பதற்கென்றே போடும் அளவு அது.

"யூரியாவா? வயலுக்குப் போடுறதையா பூசிக்கினா?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பாவோ, "காலுக்குன்னுதான் கொண்டாந்தேன். யாரும் கேக்கலியே" என்றார். இவர்களோடு என்னதான் செய்வது?

தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் எழுதிக் கொடுத்தார். நிச்சயத்துக்குள் முழுதாக ஆறாது என்றார். வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"படிச்சிப் படிச்சி சொன்னேனே, கேட்டியா?"

தங்கை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீதான் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் படிப்பியேக்கா. அந்த டியூப் பத்து நாளா உன் சீப்புப் பக்கத்துலதான இருந்துச்சி."

இருந்தது. தினமும் அதை நகர்த்திவிட்டுத்தான் சீப்பை எடுத்தேன். வேண்டுமென்றேதான் திருப்பிப் பார்க்கவில்லை.