காலி வாளியோடு கடைசி ஆள்

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்து, தண்ணீர்க் கேன்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். இருபது. நேற்றும் இருபதுதான். கேனுக்குக் கால் முளைக்காது என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "கவனிக்காம விட்டா எல்லாத்துக்கும் முளைக்கும்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வரும்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பு வைத்த பெயர் 'பிரளயம்'. வீடு மூன்றாவது மாடியில், படியேறித்தான் போவார். தோளில் எப்போதும் ஒரு பை: விசில், கயிறு, பிளாஸ்டிக் விரிப்பு, மூன்று நாளுக்கான பிஸ்கட். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தாலும் பை மடியில் இருக்கும். "உலகம் அழியுறப்ப நான் வெறுங்கையோட வாயப் பொளந்துட்டு படுத்திருக்கணுமா?"

மாதம் ஒரு ஞாயிறு இவரைப் போன்ற பதினெட்டுப் பேர் கூடுகிறார்கள். நிலநடுக்கம், வெள்ளம், கொள்ளைநோய் என்று ஆளுக்கொரு பேரழிவு. எவரும் தன்னுடையதை விட்டுக்கொடுக்க மாட்டார். பையைப் பிரித்துக் காட்டி, அடுத்தவர் பையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: வீட்டில் என்ன இருக்கிறது என்று வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் தெருவே வாசலில் நிற்குமாம்.

அந்த வீட்டில் நல்ல பிஸ்கட் தின்று பல வருடமாயிற்று. புதியது பேரழிவுக்கு, காலாவதியாகப் போவது குடும்பத்துக்கு. தண்ணீருக்கும் அதே சட்டம். கேனில் தேதி ஒட்டி, ஆறு மாதம் முடிகிற அன்று செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து இருபது வருடமாக ஆட்களை வெளியே இழுத்துப் போடுகிறவர். வியர்த்து வழிந்து வருகிற ஒவ்வொருவரும் சொல்வது, "இப்படி நிக்கும்னு நினைக்கவே இல்லீங்க."

"நினைக்கிறதுக்குன்னு ஒரு ஆள் வேணுமா இல்லையா?" என்பார். நல்ல கேள்வி. யாருக்காக நினைக்கிறார் என்பதுதான் இடிக்கிறது.

சென்ற வாரம் பிரதானக் குழாய் உடைந்து, தெருவில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. லாரி வந்தது. பிரளயமும் வாளியோடு வரிசையில் நின்றார். மற்றவர்களைவிட அதிகமாகப் புலம்பினார். நிற்காவிட்டால் சந்தேகம் வருமே!

மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்கு லாரி வரவில்லை. வீறிடும் கைக்குழந்தையோடு மேல்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"அக்கா, பால் பவுடர் கலக்க ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

மனைவி வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எங்களுக்கே நாக்கு நனைக்க இல்லம்மா."

கதவு சாத்தியதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு இல்லாம வேற என்னிக்குங்க அந்தக் கேன் தண்ணி?"

"இது பேரிடர் இல்லடி. வெறும் குழாய் உடைப்பு."

மேலே குழந்தை நிறுத்தவில்லை. மனைவி அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஓரத்துக் கேனின் தேதியை உரக்க வாசித்தாள். "இன்னிக்கோட ஆறு மாசம் முடியுது. செடிக்கு ஊத்தப் போறீங்களா?"

சட்டம் அவருடையது. செடியைப் பார்த்தார். அழுகை வருகிற கூரையைப் பார்த்தார். கேனை வெளியே இழுத்து, தேதிச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, போர்வையில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். படிக்கட்டில் ஆளில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்.

"கொதிக்க வெச்சுக் குடும்மா. யாராவது கேட்டா, நான் மேல வரவே இல்ல."

அவர் இறங்கி வரவும் தெருவில் லாரி ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. மனைவி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வரிசையின் கடைசியில் காலி வாளியோடு போய் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பியதும், வறண்டுபோன ஆள் மாதிரி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார்.