மீன் டாக்டரின் மூச்சு

தெருவில் எல்லோருக்கும் அவள் மீன் டாக்டர். வாசலில் பார்த்தால் போதும், "இன்னைக்குச் சந்தைக்கு வந்த மீன் புதுசா டாக்டர்?" என்று கேட்பார்கள். அவள் ஆராய்ந்தது என்னவோ மீனின் உடம்பில் ஓடும் ஹார்மோன்களை.

பல வருஷமாக ஒரே ஆற்று மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியில் வளர்த்தால் அதற்கு வயிறு நிறைய முட்டை பிடிக்கும்; வெளியே மட்டும் விடாது. முட்டையை இறக்கும் ஹார்மோனை மூளையில் சுரக்கும் வேறொரு பொருள் தடுக்கிறது என்பது அவள் கணிப்பு. தடையை விலக்க ஒரு மருந்து, ஹார்மோனைத் தூண்ட ஒரு மருந்து, இரண்டையும் சேர்த்து ஊசி போட்டுப் பார்த்தாள். முதலில் போட்ட பெண்மீன்கள் வயிறு உப்பிச் செத்தன. மிச்சம் ஒன்றுதான்.

இதற்கிடையில் மீனே அவளுக்கு ஆகாமல் போயிருந்தது. முதலில் மணிக்கட்டில் தடிப்பு, அப்புறம் இளைப்பு. "இனிமே மீனைத் தொடாதீங்க. ஒருநாள் தொண்டை அடைச்சுடும்" என்று எச்சரித்த மருத்துவர், அவசரத்துக்கு வைத்துக்கொள்ள ஓர் ஊசியும் எழுதிக் கொடுத்தார். அவள் நீளமான கையுறை வாங்கினாள். பஸ் ஓட்டும் கணவனிடம், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

கடைசி மீனுக்கு ஊசி போட்ட மறுநாள் ஞாயிறு. உதவியாளர் மனைவியின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் வெளி அறை நாற்காலியில் தூங்கி வழிந்தான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மயக்க மருந்து கலந்த தொட்டிக்கு அவள் மீனை மாற்றும்போது அது வாலால் ஓங்கி அடித்தது. தண்ணீர் அவள் முகமெங்கும் தெறித்தது.

உதடு தடித்தது. தொண்டை இறுகியது. தடுமாறி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பையிலிருந்த ஊசியைத் துணியோடு தொடையில் குத்திக்கொண்டாள்.

கணவன் பதறி எழுந்தான். "என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"மீன்... எனக்கு ஆகாது. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க."

கூப்பிட்டான். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

"வர்ற வரைக்கும் நீங்க உள்ள போங்க," என்றாள். "மயக்கத்துல கிடக்கு. விட்டா செத்துடும். முட்டையை எடுக்கணும்."

"நீயே செத்துடுவ போலிருக்கு! ரெண்டு பேர்ல யாரைப் பாக்கறது நான்?"

"கண்ணு என்மேல இருக்கட்டும். கை மட்டும் அதுக்கு."

அவளோடு வாதாடி ஜெயித்தவன் இல்லை அவன். அவள் கைபேசிக்கு அழைத்தபடியே உள்ளே போய், தன்னுடையதை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தான். அவள் கண்ணாடியோரம் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மீனை எடுத்துத் துடைங்க... முட்டைல தண்ணி படக்கூடாது... வயித்தை வாலுப் பக்கமா நீவுங்க."

அழுத்தினான். ஒரு பொட்டு ரத்தம்தான் வந்தது.

"சடன் பிரேக் போடாதீங்க! ஆளுங்க நின்னுட்டு வர்றாங்க... மெதுவா."

பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல நீவினான். கடுகு கொட்டுவதுபோல முட்டைகள் பாத்திரத்தில் வழிந்தன.

"கிண்ணத்துல ஆண்மீனோட விந்து இருக்கு. ஊத்திக் கலக்குங்க. அப்புறம் தண்ணி."

கலக்கினான். "எவ்வளவு தண்ணி?"

கைபேசியில் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். அவள் தலை கண்ணாடியில் சரிந்திருந்தது. கைக்கு வந்த தண்ணீரை ஊற்றி, மீனை நல்ல தொட்டியில் எறிந்துவிட்டு ஓடினான். வாசலில் சைரன் கேட்டது.

வண்டியில் அவளுக்கு இன்னொரு ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவன் மூலையில் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி ஒடுங்கியிருந்தான்.

"அவங்க கையைப் பிடிச்சுக்குங்க சார். தைரியமா இருக்கும்," என்றாள் நர்ஸ்.

"முடியாதும்மா. கையெல்லாம் மீன்," என்றான்.

சாயங்காலம் அவள் கண் விழித்தபோது, தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் அவன் கைகள் சிவந்திருந்தன. அப்போதும் அவளைத் தொடவில்லை.

"ரெண்டு வருஷமா சோப்புன்னு சொல்லிட்டிருந்த."

"நிஜத்தைச் சொன்னா வேலைக்கே போகவேணாம்பீங்க."

"சொல்வேன்தான். பின்ன?"

வீடு திரும்பிய பிறகும் வெகுநாள் அவன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தண்ணீர் அளவு தப்பியதாலோ என்னவோ, பாதிக்கு மேல் முட்டைகள் வெளுத்துப்போயின. மற்றவை பொரிந்தன, தாய்மீனும் பிழைத்தது. ஆனால் தொட்டி அறைக்குள் அவள் கால் வைக்கக்கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சண்டை போட்டாள், அழுதாள், அவர் மசியவில்லை. இப்போது உள்ளே வேறொருத்தி ஊசி போடுகிறாள். இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மருந்தின் அளவைச் சொல்கிறாள். அவள் மீனைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பிடித்தாலும் இவளுக்குக் கை பரபரக்கிறது. கணவன் அந்தக் கட்டடத்துக்குள் வருவதேயில்லை. வாசலில் பைக்கை நிறுத்தி, இவள் வரும்வரை ஹாரன் அடிக்கிறான்.