எடுக்கச் சொன்ன மூன்று சொற்கள்

என் மருமகளுக்கு வேலை, ஒரு நாளைக்கு நான்கு செய்தி எழுதுவது. கைபேசியில் செய்தி காட்டுகிற கம்பெனி ஒன்றுக்கு எழுதுகிறாள். தொழில்நுட்பம் ஒன்று, அறிவியல் ஒன்று, விளையாட்டு ஒன்று, அரசியல் ஒன்று. விளையாட்டு என்றால் மைதானத்தில் ஓடுவது இல்லை, கைபேசியில் ஆடுவது. எதுவானாலும் அறுபது சொல்லுக்குள் முடிய வேண்டும். ஒரு சொல் கூடினாலும் திரையில் எழுதுகிற பெட்டி சிவப்பாகிவிடும், அனுப்ப விடாது. எழுதியதை ஒரு குரல் படித்தும் காட்டும். கண் தெரியாதவர்களும் என்னைப் போல எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். அதை மூடியதும் இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் சோப்புத்தூள் பாக்கெட்டில்கூடப் பிழை கண்டுபிடித்துப் பேனாவால் திருத்தி வைப்பாள். என் மகன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. வேலை இல்லாத கை எதையாவது தேடத்தான் செய்யும்.

துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் அவள் மேசை. எங்கள் வீட்டில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். இயந்திரம் துணியைப் பிழியும்போது மேசையும் ஆடும். முழங்காலால் மேசையை அழுத்திக்கொண்டே எழுதுவாள். நான் எதிரே உட்கார்ந்து துணி மடிப்பேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டுவாள்.

"அத்தைக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பாள்.

முதலில் அதைக் கேட்டுக் கோபம் வந்தது. பிறகு பெருமை வந்தது. அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது.

"நுண்செயலியின் வெப்பச் சிதறலைக் கூட்டும் புதிய..." என்று ஒருநாள் ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது, மந்திரமா?"

"போன் சூடாகாதாம் அத்தை."

"அதை அப்படியே சொல்லிட்டுப் போயேன். எதுக்கு இத்தனை சுத்து?"

அப்படியே எழுதினாள். அலுவலகத்தில் பாராட்டினார்களாம். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இது நீளம், அது வேண்டாம், இதை முன்னால் போடு என்று ஏதோ அலுவலகம் நடத்துகிறவள் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். அவளும் பாதிக்கு மேல் கேட்டுக்கொண்டாள். என்னிடம் வாதாடினால் சாயங்காலம் வரை நான் விட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறார். மனைவி இல்லை, தனி ஆள். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "டாக்டர் வீட்டுலதான் நோயாளி இருப்பாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என் மகனோடு கைபேசியில் பந்து விளையாட்டு ஆடுவார். ஒருநாள், பந்து ஓரத்துக்குப் போனால் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிறதாம். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வருகிறது, நடுவில் மட்டும்தான் வெளிச்சம். போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்ற அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வியாழக்கிழமை.

அதற்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை. சட்டமன்றத்தில் ஏதோ மசோதாவுக்கு வாக்கெடுப்பு. நிறைவேறியது என்று ஒன்று, தோற்றது என்று ஒன்று, இரண்டு செய்தி எழுதித் தயாராக வைத்திருந்தாள். முடிவு வந்ததும் ஒன்றை அனுப்ப வேண்டும். வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. போதாததற்கு அன்றுதான் புதிதாக வந்த ஒரு விளையாட்டு, முதல் மணி நேரத்திலேயே ஆள் தாங்காமல் படுத்துவிட்டது. அலுவலகத்திலிருந்து நொடிக்கொரு தரம் போன். மதியச் சாப்பாடு தட்டில் காய்ந்து கிடந்தது. அதற்கு நடுவில் அறிவியல் செய்தியைப் படித்துக் காட்டினாள். கெட்டுப்போன பார்வை நரம்பை ஒரு சொட்டு மருந்து மறுபடி வளர வைத்திருக்கிறது என்று செய்தி.

"மூணு சொல் கூடுதல் அத்தை. எதை எடுக்கறது?"

"மறுபடி படி."

படித்தாள். 'ஆய்வுக்கூட எலிகளின் கண்களில்' என்று நடுவில் வந்தது.

"சாப்பிடற நேரத்துல எலியை யாரு கேப்பா? அதைத் தூக்கு."

"இல்ல அத்தை, அது முக்கியம்."

"மருந்து கண்டுபிடிச்சாங்களா இல்லையா?"

"கண்டுபிடிச்சாங்க, ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? எண்ணிப் பாரு, சரியா மூணு சொல். உனக்குன்னே அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

போன் அடித்தது. வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் அந்த மூன்று சொல்லை அழித்து அனுப்பினாள். பெட்டி பச்சையானது. எனக்கு மனம் குளிர்ந்தது. கண் மருந்து என்று காதில் விழுந்தும் மூன்றாம் மாடி நினைவே வரவில்லை எனக்கு.

புதன்கிழமை சாயங்காலம் மெக்கானிக் கதவைத் தட்டினார். முகம் பூவாக இருந்தது.

"தங்கச்சி, உங்க செய்தியைக் கேட்டேன். நாலு தடவை கேட்டேன்."

"எந்தச் செய்திண்ணே?"

"சொட்டு மருந்து! நரம்பே வளருதாமே. அப்புறம் எதுக்குக் கத்தி? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். வேற யாருக்காவது அந்த இடத்தைக் குடுங்கன்னு பெருந்தன்மையா வேற பேசினேன்."

அவள் எழுந்து நின்றாள். இயந்திரம் பிழிந்துகொண்டிருந்தது, மேசை தடதடவென்று ஆடியது. அதைப் பிடிக்க யாரும் இல்லை.

"அண்ணே, அது எலிக்கு."

"என்னது?"

"எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷங்களுக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ. வராமலும் போகலாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நாலு தடவை கேட்டேனே. எலின்னு வரவே இல்லையே தங்கச்சி?"

"நான்தான் எடுத்துட்டேன். என் தப்பு."

நான் அங்கேதான் இருந்தேன். கையில் ஒரு தலையணை உறை. அதை இரண்டாக மடித்தேன், நாலாக மடித்தேன், எட்டாகவும் மடித்தேன். வாயைத் திறக்கவில்லை. சோப்பு விலையிலிருந்து சட்டமன்றம் வரைக்கும் பேசுகிற வாய் அது.

அவள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அந்த இடம் மதியமே வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த இடத்துக்கு ஏழு வாரம். கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தானே அலுவலகத்துக்கு எழுதினாள். திருத்தம் போட்டார்கள். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று அன்று ராத்திரியே கைபேசியில் அவளுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தை என் மகன்தான் படித்துச் சொன்னான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. 'நீங்கதானே சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பேன். என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு, "குழம்பு போதுமா அத்தை?" என்றாள்.

மறுநாள் காலை, அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டிய நேரத்தில், மூன்று மாடி ஏறினேன். முட்டி இரண்டும் என்னைத் திட்டித் தீர்த்தன. அவர் தரையில் உட்கார்ந்து திருகாணிகளை விரலால் தடவித் தடவி டப்பாக்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா, நடந்தா வந்தீங்க? லிஃப்ட் ரிப்பேரா?"

இந்த நிலையிலும் அவருக்குக் கேலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எலியை எடுக்கச் சொன்னது நான்தான் தம்பி. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான் விடல."

டப்பாவில் விழுந்துகொண்டிருந்த திருகாணிச் சத்தம் நின்றது.

"அவங்க உங்க பேரையே எடுக்கலையே."

"எடுக்க மாட்டா. திட்டறதுன்னா என்னைத் திட்டு."

"யாரைத் திட்டறது? போன் பண்ணி வேண்டாம்னு சொன்னது இந்த வாய்தானே. கத்திக்குப் பயம். எவன் என்ன சொன்னாலும் நம்பத் தயாரா இருந்தேன்." டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "கீழ போங்க பெரியம்மா. எனக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம் பார்வை. அதுல இன்னைக்கு உங்க முகம் வேண்டாம்."

இறங்கி வந்தேன். மருமகளிடமும் சொன்னேன். "எதுக்குப் போனீங்க அத்தை? அழிச்சது என் விரல்தானே" என்று அவள் அழுதாள். யார் குற்றவாளி என்று நாங்கள் இருவரும் போட்டி போட்டோம். அதனால் அவர் கண்ணுக்கு என்ன லாபம்?

ஏழு வாரம் கழித்து அறுவை நடந்தது. நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் முன்பு கதவின் எதிரே நின்றால் இரண்டு பக்க நிலைக்காலும் தெரியும் அவருக்கு. இப்போது ஒன்றைப் பார்த்தால் மற்றது இல்லை. தள்ளிப்போட்டதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகன், "டாக்டரே அப்படிச் சொல்லிட்டாரே, அதோட விட்டுடலாமேம்மா" என்கிறான். விட முடியாது. அதனால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லையே. அதையும் எழுதடா.

ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. பிறகு ஒரு மதியம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படிங்க தங்கச்சி. ரெண்டு காதுக்கு நாலு காதா இருக்கட்டும்."

இப்போது தினமும் வருகிறார். நேற்று, திரையே பார்க்காமல் சத்தத்தை வைத்தே ஆடக்கூடிய பந்து விளையாட்டைப் பற்றிப் படித்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் துணியைக் கீழே வைத்தேன்.

"வந்துடுச்சா, வரப்போகுதா?" என்று கேட்டேன்.

"வரப்போகுது அத்தை. எப்பன்னு அவங்க சொல்லல."

"அதைப் போட்டிருக்கியா?"

"போட்டா ரெண்டு சொல் கூடுது."

"வேற எதையாவது எடு" என்றோம், அவரும் நானும் ஒரே நேரத்தில்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.