சித்தப்பா கொல்லையைத் திருத்திய ஒன்பது நாள்

எங்கள் சித்தப்பா பெங்களூரில் ஆறு மாதம் தோட்ட வேலை படித்துவிட்டு வந்தார் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். உண்மையில், காலேஜ் பையன்களோடு கொடி பிடித்து ஊர்வலம் போனதற்காக அவர் பெங்களூர் ஜெயிலில் இருந்தார். இது மைசூரில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். ஏழு வயதுப் பெண்ணான என் காதில் மட்டும் யாரும் போடவில்லை.

அவர் ஜெயிலுக்குப் போனது ஊரறிந்த சேதி. திரும்பி வந்து எங்கள் வீட்டில் இருக்கிறார் என்பதுதான் ஊருக்குத் தெரியக் கூடாது. அப்பாவுக்கு அரண்மனை லாயத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஜெயிலுக்குப் போன தம்பியை வீட்டோடு வைத்துக்கொண்டால் வேலை நிலைக்காது என்று கூட வேலை பார்த்த ஒருவர் ஜாடையாகச் சொல்லியிருந்தாராம். யுத்த காலம். அரிசிக்குக் கார்டு. அந்தச் சம்பளம் நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது. அதற்காகக் கூடப்பிறந்தவனைத் தெருவில் விடவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே சித்தப்பா ஒரு விடியற்காலையில் கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தார். வாசல் பக்கம் அவர் தலையைக் காட்டவே இல்லை.

அவர் தலை ஒட்ட வெட்டியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “பெங்களூர்ல வெயில் ஜாஸ்திடீ” என்றாள் அம்மா. வெயிலுக்குப் பயந்து பெங்களூருக்கு ஓடுகிறவர்களைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. பெங்களூர் வெயிலுக்கு முடி வெட்டிக்கொண்டவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். எனக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது.

“சித்தப்பா வந்திருக்கான்னு யார்ட்டயும் சொல்லப்படாது. கண்ணு படும்” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்த சித்தப்பா, மூன்றாம் நாள் அம்மாவிடம் வந்து நின்றார். “மன்னி, இப்படியே அடைஞ்சு கெடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். கொல்லையத் திருத்தறேன். நாலு காய்கறியாவது போடலாம்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? ஜெயிலுக்குப் போவதற்கு முன் எங்கள் சித்தப்பா கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இழுத்ததில்லை. காபி டம்ளரைக் கூட நகர்த்தி வைக்காத கை அது. கொல்லையோ காடு. கிணற்றைத் தாண்டி ஒருவரும் போவதில்லை. புல் என் கழுத்து வரை வளர்ந்திருந்தது. நாயுருவி, உண்ணிச்செடி, தொட்டாற்சிணுங்கி, எல்லாவற்றுக்கும் அடியில் ஜமக்காளம் விரித்தது போல் கோரை. பாம்பு இருக்கிறது என்று அம்மாவும் கீரிதான் இருக்கிறது என்று அப்பாவும் வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்களே தவிர, இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை.

சித்தப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். இடது கையால் புல்லைக் கொத்தாகப் பிடிப்பார், அரிவாள் ஒருமுறை சரக்கென்று போகும், கட்டு பின்னால் விழும். விழுந்த கட்டுகளெல்லாம் ஒரே அளவு, ஒரே வரிசை. கயிறு பிடித்து அடுக்கினாலும் அப்படி வராது. நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அந்தக் காட்டுக்குள் எங்கள் வீட்டு மதில் இருந்தது என்பதே வேலை தொடங்கிய மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. மதிலை முதல் தடவையாகப் பார்த்துக் கை தட்டினேன்.

அதற்கப்புறம்தான் கோரை. மேலே பிடுங்கினால் மறுநாளே முளைக்கும் சாதி அது. சித்தப்பா குத்தலி என்கிற மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் மண்ணைப் புரட்டிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலாலேயே வேரைத் தொடர்ந்து போனார். ஒரு கிழங்கு, அதிலிருந்து ஒரு நூல், அந்த நூலின் முனையில் இன்னொரு கிழங்கு. அறாமல் இழுத்து அவர் தூக்கிப் பிடித்தபோது, அவர் கையிலிருந்து தரை வரை ஒரு கறுப்பு ஜபமாலை தொங்கிற்று. கொல்லை முழுக்கக் கோரைக்கிழங்கு வாசனை. பூமிக்கு அடியில் எல்லாப் புல்லும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கிறது என்று நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சித்தப்பாவுக்குத் தெரியாததே உலகத்தில் கிடையாது என்று தீர்மானித்தேன்.

தானாக முளைத்திருந்த துளசியை மட்டும் அம்மா தொட விடவில்லை. “பெருமாள் சொத்துடா அது.” ஆகவே நாற்பது ஐம்பது துளசிச் செடிகள் அங்கங்கே நிற்க, அவற்றைச் சுற்றிச் சுற்றிக் களை எடுத்தார்.

வேலையைவிட எனக்கு அதிசயமாக இருந்தது அவருடைய முறை. காலை எட்டு மணிக்குத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும். அடித்த மாத்திரத்தில் சித்தப்பா குத்தலியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் குந்தி உட்கார்ந்துவிடுவார். யாராவது கூப்பிடும் வரை அசைய மாட்டார். தண்ணீர் குடிக்கப் போவதானால் கையை உயர்த்திவிட்டுத்தான் போவார். சாப்பிடக் கூப்பிட்டால், எழுந்து நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வருவார். பெரிய படிப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! நானும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். மணி அடித்தால் அவர் பக்கத்தில் நானும் குந்துவேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அம்மா, “அப்படி ஒக்காராதீங்கோ ரெண்டு பேரும்!” என்று கத்தினாள். எதற்கு இவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பா உடனே எழுந்துகொண்டார். மறுநாள் மணி அடித்ததும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காடு போய் மண் வந்தது. கறுத்து, ஈரமாக, சீவி வாரிப் பின்னியது போல் பாத்தி பாத்தியாக, நடுநடுவே துளசியோடு. அவரைக்கும் கத்தரிக்கும் பூசணிக்கும் விதை ஊன்றியாயிற்று. வெறுங்காலோடு கூட அதில் இறங்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? சித்தப்பாவைப் பற்றித்தானே சொல்லக் கூடாது, கொல்லையைப் பற்றிச் சொல்லலாமே! பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் அளந்தேன். எங்கள் அப்பாவின் மேலதிகாரியுடைய பெண் அவள். வந்தது வினை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக மேலதிகாரி இறங்கினார். அப்பா நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை இட்டாயிற்று, சிவப்பு இடவில்லை. அப்படியே ஓடினார். அம்மா சித்தப்பாவைக் கொல்லைக் கோடியில் காடு போனதும் வெளிப்பட்ட பழைய குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வழியில் கிடந்த குத்தலியையும் கூடையையும் கூட வாரி ஒளித்தாள். விருந்தாளிக்கு அளவுக்கு மீறி மரியாதை செய்கிறாள் என்று நினைத்தேன்.

“என் மகள் உங்கள் கொல்லையைப் பற்றியே பேசுகிறாள். நானும் காய்கறி போடலாமென்று இருக்கிறேன்” என்றார் அவர் கன்னடத்தில். பின்னால் வந்து பார்த்தவர், படியிலேயே நின்றுவிட்டார். “யார் செய்தது?”

“மார்டள்ளிக் கிராமத்துக் கூலியாட்கள்” என்றார் அப்பா, பாதித் திருமண்ணோடு.

ஒன்பது நாள் வேலையை அப்பா இப்படி யாரோ கூலியாளுக்குத் தூக்கிக் கொடுத்ததும் எனக்குச் சத்தியம் மறந்துவிட்டது. “பொய்! எல்லாம் எங்க சித்தப்பா பண்ணினா! பெங்களூர்ல ஆறு மாசம் படிச்சுட்டு வந்திருக்கா” என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினேன். நம்பாமல் போய்விடுவாரோ என்று, பாத்தி ஓரத்தில் குந்திக் கைகளை முழங்காலில் வைத்துக் காட்டினேன். “மணி அடிச்சா இப்படி ஒக்காரணும். கூப்பிட்டா இப்படிக் கையக் காட்டணும்.”

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். மேலதிகாரி என் விரித்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அம்மாவின் கண் போன பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகப் பாத்திகளைத் தாண்டி, ஒரு துளசியையும் மிதிக்காமல் நடந்து, குளியலறைக் கதவின் முன் போய் நின்றார்.

“அங்கே ராத்திரியில் கம்பளி கொடுக்கிறார்களா?” என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

அப்புறம் உள்ளேயிருந்து சித்தப்பா கன்னடத்தில் சொன்னார். “ஒன்று கொடுக்கிறார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து படுத்தால் போதும்.”

“நன்ன மகனூ அல்லே இத்தானெ.” என் மகனும் அங்கேதான் இருக்கிறான் என்றார் அவர்.

“தெரியும், சுவாமி. நன்றாக இருக்கிறான். களை எடுப்பதில் எங்கள் எல்லோரையும்விட அவன்தான் வேகம்.”

அந்தப் பெரிய மனிதர் சரிகைத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வழுக்கை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் கொல்லையில், எங்கள் குளியலறைக் கதவுக்கு முன்னால், அவ்வளவு பெரியவர் வெறுந்தலையோடு நின்றது எனக்குக் கோவிலில் நிற்பது போல் இருந்தது. நானும் கைகட்டி நின்றேன்.

பிறகு தலைப்பாகையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜட்காவில் ஏறும்போது அவர்களுக்கும் கேட்கும்படி உரக்க, “மார்டள்ளி ஆட்கள் நல்ல வேலைக்காரர்கள். நாளைக்கு ஆபீஸில் பார்க்கலாம்” என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு செய்து காட்டியும், சித்தப்பாவின் குரலையே காதால் கேட்டும், மறுபடியும் கூலியாட்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாரே, இவ்வளவு பெரிய அதிகாரிக்கு இதுகூடவா விளங்கவில்லை என்று நினைத்து, ஜட்கா தெரு திரும்பும் வரை அவர் முதுகைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றேன்.