மூடியைத் திறக்காத இரண்டு கிழமை

2006 ஒக்டோபர் 14, சனிக்கிழமை. ஏழு மணிக்கு எழுந்து தேநீர் குடித்தேன். அந்தக் கிழமை எங்கள் முறை என்பதால், நாங்கள் குடியிருக்கும் அம்மருட் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டைக் கழுவினேன். பிறகு, நான்காவது தடவையாக நானே காய்ச்சிய பியருடன், வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் கூட்டத்துக்குப் போனேன். முந்திய மூன்றும் புளித்துவிட்டன. இதுவும் புளித்தால், குளியலறையில் பியர் ஊறவைக்கும் வாளி குப்பைக்குத்தான் என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அங்கே ஒரு டிராம் ஓட்டுநர் வருவார். நெடிய, மெலிந்த தமிழர். எந்தப் போத்தலையும் காதருகே பிடித்துத்தான் திறப்பார். மூன்றாவது பியர் புளித்த அன்று என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர் அவர்தான்.

"நாளுக்கு ரெண்டு தரம் வெப்பநிலை எழுதியிருக்கிறீர். வாளி மூடியைத் திறந்தோ பார்த்தனீர்?"

"ஓம்."

"அதாலைதான் உள்ளுக்குக் கிருமி போகுது. உம்மடை எழுத்துத்தான் பியரைக் கெடுக்குது, ஐசே. ரெண்டு கிழமை அதைச் சும்மா விடும்."

இந்த முறை மூடியைத் தொடாமல், குறிப்பேட்டில் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தேன்.

அவர் என் போத்தலைத் திறந்தார். குடித்தார். கிளாஸை மறுபடி நீட்டினார். அவர் யாரிடமும் இரண்டாவது கிளாஸ் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் காதுக்கு என்ன கேட்கிறது என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை முதல் வேலையாக, இன்னொரு வாளிக்குக் குளியலறையில் இடம் இருக்கிறதா என்று அளந்தேன். அளவுநாடாவின் மறுமுனையை மனைவி பிடித்தாள்.