செக்கிங் அண்ணன் மந்திரத்தைக் குறைத்த கதை

செக்கிங் அண்ணன் யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டார், கையைப் பார்த்துத்தான் பேசுவார். துணி ஆலையின் வெளிவாசலில், ஷிப்டு முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பது அவர் வேலை. சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டு, குடையின் மடிப்பு, கட்டுப்போட்ட கை என்று எங்கெல்லாம் ஒரு முழம் துணி ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி. கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டுகிறவனைத்தான் முதலில் ஓரம் கட்டுவார். இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்பது அவர் கேள்வி. வீட்டிலும் அதே கண்தான். பால் வழக்கத்தைவிட வெள்ளையாக இருந்தால்கூட ஏன் என்று விசாரிப்பார் என்று அவர் மனைவி சொல்வது மிகைதான், ஆனால் பெரிய மிகையில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் ஒரு நாட்டையே கட்டி ஆண்டார். தையல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் பெரிய மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். கடை தையல்காரம்மாவுடையது. மருந்துக்கடைக்காரருக்கு எதிர்க்கடை. நாலாவது ஆள் செக்கிங் அண்ணனின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவர் வீட்டிலேயே தங்கி, அவர் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையில், அதே ஆலையின் கணக்குப் பிரிவில் இருந்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவன். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர் செக்கிங் அண்ணன்தான். ஆணி அடிக்கும் முன் அதன் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவரும் அவர்தான்.

அவர்கள் விளையாடியது சீட்டோ கேரமோ இல்லை, கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, கொள்ளைக்காரர்கள் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டவேண்டும். எண் பெரிதாக விழுந்தால் நல்லது. தையல்காரம்மா கூலிப்படைத் தலைவி. மருந்துக்கடைக்காரர் காயங்களை மந்திரித்து ஆற்றும் துறவி. மைத்துனன் மந்திரவாதி. கறுப்புத் துணியில் தையல் சுண்ணாம்பால் வரைபடம் போட்டு, யார் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்பதை அளவு நாடாவால் அளந்தார்கள்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. மைத்துனன் படித்து அர்த்தம் சொல்ல, செக்கிங் அண்ணன் கேட்டுக்கொள்வார். ஒரு மாதம் ஆனதும், இவன் நடுவில் பக்கம் தாண்டுகிறானோ என்று தோன்றிவிட்டது. அதே பக்கங்களை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துத் தனியாகச் சொல்லச் சொல்லி ஒத்துப்பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அதைவிடப் பெரிய குறை விதிகளிலேயே இருந்தது. புத்தகத்தின்படி ஒரு இரவு தூங்கி எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும். வயிற்றில் ஈட்டி வாங்கியவன் காலையில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பான். செத்தே போனாலும் கவலையில்லை, துறவி கையை உயர்த்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். கோட்டைக் கதவைக் கட்டி, பூட்டுப் போட்டு, காவல் வைத்து செக்கிங் அண்ணன் ஒரு வாரம் யோசித்து வைத்திருப்பார். மந்திரவாதி ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பான்.

“மந்திரம்னா என்ன தெரியுமா? செக்கிங் இல்லாத கேட்” என்றார் ஒரு நாள், வெறுத்துப் போய்.

அன்றிலிருந்து விதிகளைப் பிரித்து மேயத் தொடங்கினார். தமிழில், அவர் கையெழுத்தில், ஒவ்வொன்றாக மாற்றினார். காயம் பட்டுக் குறைந்த உயிர்ப்புள்ளிகளில் ஒரு இரவுத் தூக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான் திரும்ப வரும், அதுவும் படுத்த இடம் காய்ந்திருந்து, காயத்தைக் கழுவ நல்ல தண்ணீர் இருந்தால்தான். திறந்த காயம் இருந்தால் தினமும் காலையில் காய்ச்சல் பகடை உருட்டவேண்டும். மந்திரத்தைத் துடைத்து எடுக்கவில்லை, குறைத்தார். ஒரு மந்திரம் போட்டால் போட்டவன் உடம்பு அதற்கு ஈடு கொடுக்கவேண்டும், பார்த்தவர்கள் ஊரில் சொல்லிவிடுவார்கள், அடுத்த ஊர்க்காரர்கள் கதவைத் திறக்கமாட்டார்கள். விளக்கு எண்ணெய் தீரும். வாள் துருப்பிடிக்கும். ஊருக்கு ஊர் வாசல், வாசலுக்கு வாசல் காவல், பையைத் திறந்து காட்டாமல் உள்ளே போக முடியாது. கடைசி விதிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டார். செத்தவர் எழுந்து வரமாட்டார்.

படித்துக் காட்டியதும் மேசையில் கலவரம். இந்த உலகத்தில் ராட்சசன் ஒருத்தன்கூட இல்லையே, கேட்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் ஆலையில்தான் நிற்கவேண்டுமா என்று தையல்காரம்மா கேட்டார். கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்த தன்னை இப்படிக் கட்டுத்துணி துவைக்க வைத்துவிட்டாரே என்று மருந்துக்கடைக்காரர் நொந்துகொண்டார். ஏற்கெனவே வாரம் ஆறு நாள் கடையில் கட்டுத்துணியோடுதானே அவருக்குப் பொழுது.

எல்லாரையும்விட அதிகம் இழந்தவன் மைத்துனன். அவனுடைய மந்திரவாதியைப் பிடுங்கிவிட்டு ஒரு நோஞ்சானைக் கையில் கொடுத்த மாதிரி. ஆனால் அவன் முகம் மலர்ந்தது.

“நல்லா இருக்கு மாமா. அப்போ செத்தா செத்ததுதான், இல்ல?”

“செத்ததுதான்.”

“நடுவுல மாத்த மாட்டீங்களே?”

கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டுகிறான். செக்கிங் அண்ணனுக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதே கதைதான். மற்றவர்கள் பகடையை மேசை நடுவில் உருட்டினார்கள். மைத்துனன் மட்டும் தன் பக்கத்து மூலையில், இடது கையை அணைபோல வளைத்து வைத்து, அதற்குள் உருட்டினான். எண்ணைச் சொல்லி முடிக்கும் முன் பகடை அவன் உள்ளங்கைக்குள் போய்விடும். வீட்டில் கைபேசி அடித்தால் மாடிப்படிக்குப் போனான். அவர் சமையலறைக்குள் நுழைந்தால் அக்காவும் தம்பியும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். மனைவி அடுப்பைப் பார்ப்பாள், அவன் குழாயைப் பார்ப்பான். தையல் கடை அலமாரியில் புது ஜிப் வைத்துத் தைத்த பெரிய பயணப்பை ஒன்று உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று கேட்டதற்குத் தையல்காரம்மா, ஒரு வாடிக்கையாளருடையது என்றார். அவருடைய வாடிக்கையாளர்கள் கொண்டுவருவதெல்லாம் துணி. பை கொண்டுவருவது யார்?

முதலில் பகடையைப் பிடித்தார். மைத்துனன் குளிக்கப் போன நேரத்தில் அவன் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து, டம்ளர் தண்ணீரில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் கரைத்து, உள்ளே போட்டார். ஒரு பக்கம் கனம் வைத்த பகடையானால் மிதக்கும்போது ஒரே முகத்தைத்தான் மேலே காட்டும். திரும்பத் திரும்பச் சுண்டிவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். பகடை யோக்கியம்.

“உப்பு ஜாடியை யாரு காலி பண்ணது?” என்று மனைவி கேட்டபோது, தெரியாது என்றார். அந்த வீட்டில் அன்று விசாரணைக்கு உட்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பகடை யோக்கியமென்றால் கைதான் திருட்டு. இங்கேதான் அவருக்கு ஒன்று இடித்தது. திருடுகிறவன் நன்றாக அல்லவா இருக்கவேண்டும்? மந்திரவாதியோ வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டு போனான். மூன்று வாரமாக மைத்துனன் வாயிலிருந்து ஒரு நல்ல எண் வரவில்லை. தொடையில் அம்பு பட்டது, சீழ் வைத்தது, காய்ச்சல் ஏறியது. துறவி சுடுகத்தியால் காயத்தைத் தீய்க்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்றான். படுத்து ஓய்வெடு என்றால் முன்வரிசையில் நிற்கிறேன் என்றான். சின்னதாகத் தோற்றுக் காட்டிவிட்டு ஒருநாள் பெரிதாக அடிக்கப் பார்க்கிறான் என்று செக்கிங் அண்ணன் கணக்குப் போட்டார். காலிப் பையைப் பத்து நாள் காட்டிப் பழக்கிவிட்டு, பதினோராம் நாள் சுருட்டுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சீக்கிரமாகவே கடைக்குப் போய், வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி நாற்காலியை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார். சுவரில், தைத்த துணியைப் போட்டுப்பார்க்கிறவர்களுக்கான ஆளுயரக் கண்ணாடி, மேல்பக்கம் சற்று முன்னால் சாய்ந்தபடி மாட்டியிருந்தது. மைத்துனனின் கை அணை எதிரில் இருப்பவர்களைத்தான் மறைத்தது. சுவர்ப்பக்கம் திறந்துதான் கிடந்தது.

கதையில் மழை. மந்திரவாதி ஒரு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறான். நல்ல தண்ணீர் இல்லை, படுத்த இடமும் ஈரம். காய்ச்சல் பகடையில் பதினொன்றுக்குக் கீழே விழுந்தால் அவன் கதை முடிந்தது. செக்கிங் அண்ணன் உருட்டச் சொன்னார். தையல்காரம்மா கையிலிருந்த சுண்ணாம்பைக் கீழே வைத்தார்.

பகடை உருண்டு நின்றது. கண்ணாடியில் எண் இடவலம் மாறித் தெரிந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. பதினேழு.

“நாலு” என்றான் மைத்துனன்.

செக்கிங் அண்ணன் கண்ணாடியை மறுபடி பார்த்தார். இத்தனை வருஷத்தில், உள்ளேயிருந்து துணியை வெளியே கொண்டுபோகிறவனைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தன் துணியைக் கொண்டுவந்து ஆலைக்குள் போட்டுவிட்டுப் போகிற திருடனை எந்த வாசலில் நிறுத்தி, என்னவென்று கேட்பது?

பகடையை மூடிய அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார்.

“மாப்ள, கையை எடு.”

எடுத்தான். பதினேழு எல்லாருக்கும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார். வெளியே எவனோ ஷட்டரைத் தட்டி, சட்டை ரெடியா என்று கேட்டான். நாளைக்கு வா என்றார் தையல்காரம்மா, பகடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சாகறதுக்கா பொய் சொன்னே?”

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். துறைமுக ஊரில் ஒரு கப்பல் கம்பெனியில், படிப்புக்கேற்ற வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை போய்ச் சேரவேண்டும். இங்கே விளையாட்டை நடுவில் விட்டுவிட்டு ஓடினான் என்று இருக்கக்கூடாது. மந்திரவாதி உயிரோடு இருக்கும்போதே போனால் மாமா வாராவாரம் அந்த நாற்காலியை அப்படியே போட்டு வைத்திருப்பார், மேசை நகராது. பழைய விதியில் செத்தாலும் எழுப்பிவிடுவார்கள். புது விதிகள் வந்ததும்தான் வழி திறந்தது. மந்திரவாதி செத்துவிட்டால், அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் வேலை விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று இருந்தான்.

“உங்க அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

செக்கிங் அண்ணன் தையல்காரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை அலமாரியிலிருந்த பைக்குத் திருப்பினார். அண்ணன் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் இன்னும் விட்டத்திலேயே இருந்தார்.

“அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது.”

“நீங்க சொல்லி வாங்கிக் குடுத்த வேலை மாமா. விடறேன்னு சொன்னா, எதுக்கு, யாரு கூப்பிட்டா, அந்தக் கம்பெனி நெஜமா, ஆளை நேர்ல பாத்தியான்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்க. கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வந்து போகாம நின்னுடுவேன். அந்த பயம்தான்.”

அவருக்கு அந்த நிமிஷமே கேட்கத் தோன்றியது அந்த நாலு கேள்விகளும்தான், அதே வரிசையில். வாயைத் திறந்தார். மூடினார். ஏதோ மறைக்கிறார்கள் என்று அவர் நினைத்தது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது. அதில் ஒரு பெருமையும் இல்லை என்பதுதான் புதிதாக இருந்தது.

“வேற யாருக்காவது சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?” என்றார் கடைசியில்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “போன வாரமே என் விளக்குல எண்ணெய் தீந்துடுச்சுண்ணே. சொல்லலை.”

தையல்காரம்மா சிரிப்பை அடக்க நூல்கண்டைத் தேடினார். செக்கிங் அண்ணன் சிரிக்கவில்லை. பகடையை எடுத்து, பதினேழு மேலே தெரிகிற மாதிரி மேசை நடுவில் வைத்தார்.

“பகடை சொன்னதுதான் விதி. காய்ச்சல் இறங்கிடுச்சு. இந்த உலகத்துல செத்தவன் எழுந்து வரமாட்டான். அதுக்காக உயிரோட இருக்கிறவன் போகக்கூடாதுன்னு நான் எங்கயும் எழுதலை. எழுந்திரு. கோட்டை வாசலுக்கு வா.”

மைத்துனன் நிமிர்ந்தான். செக்கிங் அண்ணன் அளவு நாடாவை எடுத்து வரைபடத்துக்குக் குறுக்கே நீட்டி வைத்தார்.

“காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டுறான். எங்க போறேன்னு கேக்குறான்.”

“கடலோரத்துக்கு. வேலை கிடைச்சிருக்கு.”

“பையில என்ன?”

“ரெண்டு சட்டை. பாதி மெழுகுவர்த்தி. காயத்துக்குக் கட்டுத்துணி.” அலமாரிப் பக்கம் பார்த்தான். “அக்கா குடுத்த போர்வை.”

மந்திரவாதிக்கு அக்கா கிடையாது. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

“இப்பவாவது திறந்து பாக்காம விடுவானா அந்தக் காவல்காரன்?” என்று கேட்டார் தையல்காரம்மா.

“பாப்பான். அவன் வேலை அது.” செக்கிங் அண்ணன் நீட்டியிருந்த நாடாவை மெதுவாகச் சுருட்டினார். “பாத்துட்டான். எல்லாம் அவனோடதுதான். போகச் சொல்லிட்டான்.”

விளையாட்டு அதோடு கலைந்தது. ஷட்டரை மேலே தூக்கியபோது மைத்துனன் அலமாரியிலிருந்த பையை எடுக்கப் போனான். அதற்குள் அது செக்கிங் அண்ணன் கையில் இருந்தது. ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். திரும்பவும் இழுத்தார்.

“மாமா, அதையும் சோதிக்கணுமா?”

“கடைசியில வந்து சிக்குது பாரு” என்றார் அவர், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதை நெஜமாவே இந்த அம்மாதான் தைச்சாங்களா?”